அழுங்கும் உண்ணியும்: மலாயாக் காட்டின் ஒரு சிறு வரலாறு

அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையுமே வரலாறு என்று கற்றுப் பழகிய நமக்கு, காட்டு விலங்கொன்றின் தோலில் ஒட்டிக் கிடக்கும் உண்ணிக்கும் வரலாறு உண்டு என்றால் வியப்பாகவே இருக்கும். ஆயினும், அவ்வுண்ணியை மனிதன் எப்போது கண்டான், என்ன பெயரிட்டான், எதற்காகத் தேடினான் என்று வரிசைப்படுத்தி நோக்கினால், அதனுள் நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியே அடங்கியிருப்பதைக் காணலாம். தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் காய்ச்சலும், கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தின் உழைப்பும், இன்றைய துறைமுகங்களில் நடைபெறும் கள்ள வாணிபமும் அவ்வரலாற்றில் இடம் பெறுகின்றன. அந்த விலங்கு அழுங்கு. எறும்புதின்னி என்று நாம் வழக்கில் கூறுவதும் அதனையே.

மலாய் மொழியில் இதற்குத் தெங்கிலிங் என்று பெயர். உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் பாங்கோலின் என்னும் பெயரும் மலாய்ச் சொல்லின் வழிவந்ததேயாகும். சுருண்டு உருள்வது என்பது அதன் பொருள். பகைவரைக் கண்டதும் தலையை வயிற்றில் புதைத்து, வாலால் போர்த்துப் பந்துபோல் சுருண்டுவிடும் இவ்விலங்குக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு 1758-இல் இப்பேரினத்துக்கு மானிஸ் என்று பெயரிட்டார். நம் காடுகளில் வாழும் இனத்துக்கு, மானிஸ் ஜாவானிக்கா என்னும் பெயரைப் பிரெஞ்சு அறிஞர் தெமாரே 1822-இல் சூட்டினார். மணிமேகலையில் சாவகம் என்று நாம் படிக்கும் ஜாவாத் தீவே இப்பெயரில் ஒலிக்கிறது.

அழுங்கின் செதில், மீனின் செதிலைப் போன்றதன்று. நம் விரல் நகத்திலும் மாட்டின் கொம்பிலும் உள்ள கெராட்டின் என்னும் பொருளால் ஆனது. ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் இக்கவசத்தைப் புலியின் பல்லும் எளிதில் துளைப்பதில்லை. ஆனால், கவசம் எவ்வளவு வலிதாயினும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இடைவெளி உண்டன்றோ? செதில்களுக்கிடையே மெல்லிய தோலும் சில மயிர்களும் உள்ளன. வயிற்றுப்புறத்தில் செதிலே இல்லை. தட்டையான உடலைக் கொண்ட உண்ணி இவ்விடங்களில் நுழைந்து, வாயுறுப்பைத் தோலில் ஊன்றிக் குருதியை உறிஞ்சத் தொடங்குகிறது. மாடு மரத்தில் உராய்ந்து உண்ணியைத் தேய்த்துவிடக்கூடும். குரங்கு விரலால் எடுத்துவிடக்கூடும். அழுங்குக்கோ அவ்விரண்டும் எளிதன்று. பகைவரைத் தடுக்கும் அதே செதில், உள்ளே புகுந்துவிட்ட உண்ணிக்கு உறைவிடமாகிவிடுகிறது.

பழஞ்சீன ஏடுகளில்

செதிலின் கீழே என்ன இருக்கிறது என்னும் கேள்வி மிகப் பழைமையானது. கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹொங்ஜிங் என்னும் சீன மருத்துவ அறிஞர் இதைப் பற்றி ஒரு செய்தியை எழுதி வைத்தார். அழுங்கு கரையேறிச் செதில்களை விரித்துச் செத்ததுபோல் கிடக்குமாம். எறும்புகள் உள்ளே புகுந்ததும் செதில்களை மூடிக்கொண்டு நீரில் இறங்கி, மீண்டும் விரித்து, மிதந்து வரும் எறும்புகளைத் தின்னுமாம். கதை சுவையானது. தலைமுறை தலைமுறையாக நூல்கள் இதனை எடுத்தெழுதின.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், லீ ஷிஜென் என்னும் மருத்துவர் 1578-இல் முடித்த தம் பெருமருந்து நூலில் இவ்விலங்கைப் பற்றி எழுதினார். அவர் ஏட்டைப் பார்த்து எழுதியதோடு நில்லாது, அழுங்கின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஏறத்தாழ ஒரு படி எறும்புகள் இருந்ததாகக் குறித்துள்ளார். எறும்பே அதன் உணவு என்பது இவ்வாறு கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டது. கேள்வியறிவுக்கும் ஆய்வறிவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? ஆயினும், அவர் நூலிலும் செதில் விரித்து எறும்பு பிடிக்கும் பழங்கதை இடம் பெறவே செய்தது. அன்றியும், அழுங்கின் செதிலை மருந்தாக வழங்கும் முறைகளும் அந்நூலால் பரவின. அச்செதிலுக்காகவே இவ்வினம் பிற்காலத்தில் வேட்டையாடப்பட்டது என்பதை இங்கு நினைவில் இருத்த வேண்டும்.

பெயர் பெற்ற உண்ணி

ஐரோப்பியர் உலகெங்கும் உயிரினங்களைத் திரட்டிப் பெயரிட்ட 19ஆம் நூற்றாண்டில், விலங்குகளோடு அவற்றின் ஒட்டுண்ணிகளும் சாராயக் குப்பிகளில் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. ஆப்பிரிக்க அழுங்குகளில் வாழும் உண்ணி ஒன்றை மக்காலிஸ்டர் என்பவர் 1872-இல் விவரித்தார். ஆசிய அழுங்குகளின் உண்ணியை, பர்மாவின் உண்ணிகளை ஆராய்ந்த சுப்பினோ என்னும் இத்தாலியர் 1897-இல் விவரித்தார். முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் இடம் மாற்றப்பட்ட அவ்வுண்ணியின் இன்றைய பெயர் அம்பிளியொம்மா ஜாவனென்சே என்பதாகும். விலங்கின் பெயரிலும் ஜாவா. அதன் உண்ணியின் பெயரிலும் ஜாவா.

பெயரிட்டவர்கள் அந்நாளில் அதன் உருவத்தையே நோக்கினர். அது என்ன செய்கிறது என்பதை அவ்வளவாக ஆராயவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் மருத்துவ உலகில் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்து கொண்டிருந்தது. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்ற ஒரு காய்ச்சலை உண்ணியே ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கிறது என்பதைத் தியோபால்ட் சிமித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1893-இல் மெய்ப்பித்தனர். சுப்பினோ அழுங்கின் உண்ணிக்குப் பெயரிட்ட 1897ஆம் ஆண்டிலேதான் மலேரியாவின் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டார். சிறு பூச்சிகளும் உண்ணிகளும் வெறுந்தொல்லைகள் அல்ல, நோயின் ஊர்திகளும் ஆகலாம் என்னும் எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

உண்ணியின் வாழ்க்கை முறையை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். குருதி குடித்துக் கீழே விழுந்து தோலுரித்த பின் எட்டுக் கால்கள். மீண்டும் ஒரு விலங்கின்மேல் ஏறிக் குடித்து விழுந்து முதிர்ச்சி பெறுகிறது. மூன்றாம் முறை குடித்துப் பருத்த பெண்ணுண்ணி தரையில் வீழ்ந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடிகிறது. ஆக, ஒரே உண்ணி தன் வாழ்நாளில் மூன்று விலங்குகளின் குருதியைச் சுவைக்கக்கூடும். ஒன்றினிடம் பெற்ற கிருமியை மற்றொன்றினிடம் சேர்ப்பதற்கு இதனினும் வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

தோட்டக் காய்ச்சலும் காட்டு ஆராய்ச்சியும்

கோலாலம்பூரில் 1900-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. காட்டை அழித்துப் பால்மரமும் பின்னர் செம்பனையும் நட்ட காலம் அது. அந்த உழைப்பில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் மக்களுடையது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாட்டியது யாவரும் அறிந்ததே. அவற்றோடு, காரணம் விளங்காத வேறொரு காய்ச்சலும் தோட்டங்களில் கண்டது. பிளெட்சர், லெஸ்லர் ஆகிய மருத்துவர்கள் 1925-இல் இதனை வெப்பமண்டல டைபஸ் காய்ச்சல் என்று விவரித்தனர். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் அது ஒரே நோயன்று, இரு வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்று நகர்ப்புறக் கடை வீதிகளைச் சார்ந்தது. எலிகளின் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. மற்றொன்று புதர்க்காடு மண்டிய நிலத்தைச் சார்ந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத செந்நிறச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. புதர் மண்டிய செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களை அது தாக்கியது. அமெரிக்க மருத்துவக் குழுவொன்று 1948-இல் கோலாலம்பூருக்கு வந்து, குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து அந்நோயைத் தீர்ப்பதை மெய்ப்பிக்கும்வரை அதற்கு உறுதியான மருந்து இருந்ததில்லை.

இந்த அனுபவமே, காட்டு விலங்குகளின் உடலில் என்னென்ன வாழ்கின்றன என்று தேட வேண்டிய தேவையை உணர்த்தியது. எலி, அணில், மூஞ்சூறு, பறவை, அழுங்கு என்று காட்டுயிர்கள் பலவற்றின்மேல் இருந்த உண்ணிகளும் பேன்களும் புழுக்களும் திரட்டப்பட்டன. மலேசிய ஒட்டுண்ணிகள் என்னும் பொதுத் தலைப்பில் 1954-லும் 1957-லும் கழகம் ஆய்வுக் கட்டுரைத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றுள் 1957ஆம் ஆண்டுத் தொகுதியில், மலாயா, போர்னியோ ஆகிய நிலங்களின் உண்ணிகளைக் கோல்ஸ் என்னும் அறிஞர் தொகுத்துரைத்தார். இதற்கு ஓராண்டு முன்னர், 1956-இல், சிலாங்கூர்க் காட்டு எலிகளின் உண்ணியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு வைரஸ் பற்றிய செய்தி வெளியாயிற்று. லங்காட் என்னும் நம் ஊர்ப் பெயரே அதற்கு இன்றும் வழங்குகிறது. அயலார்க்கு அது ஓர் ஆய்வுச் சொல். நமக்கோ தெரிந்த ஆற்றின் பெயர்.

அழுங்கின் உடலுக்குள் வாழும் ஒட்டுண்ணியும் அக்காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. யானைக்கால் நோயைத் தோற்றுவிக்கும் புழுக்களுள் ஒன்றுக்குப் புரூகியா மலாயி என்று பெயர். சதுப்புக் காடுகளை அடுத்த சிற்றூர்களில் கொசுவின் வாயிலாக இது பரவியது. மனிதர்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் நோய் ஒழிந்துவிடுமா என்று ஆராய்ந்தபோது, புழு காட்டு விலங்குகளிடத்தும் வாழ்வது தெரிய வந்தது. லாயிங், எட்சன், வார்ட்டன் ஆகியோர் 1960-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. இலைதின்னிக் குரங்கு, பூனை, புனுகுப்பூனை ஆகியவற்றோடு அழுங்கும் இப்புழுவைத் தாங்கும் விலங்குகளுள் ஒன்றாக அறியப்பட்டது. காட்டுக்கும் ஊருக்கும் இடையே நாம் போடும் வேலி, கொசுவுக்கும் உண்ணிக்கும் ஒரு வேலியே அன்று என்னும் உண்மையை மலாயா இவ்வாறு கற்றுக்கொண்டது.

நம் காலத்து ஆய்வு

பின்வந்த அறிவியல், உருவத்தைக் காண்பதோடு அமையாமல் மரபணுவைப் படிக்கக் கற்றது. தீபகற்ப மலேசியாவின் அழுங்குகளில் அம்பிளியொம்மா ஜாவனென்சே எவ்வளவு பரவியுள்ளது என்பதை அளந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மலேசிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நம் நாட்டு அழுங்குகளின் குருதியில் அனாப்பிளாஸ்மா என்னும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிரைக் கண்டது. உண்ணிகளால் பரவும் நுண்ணுயிர் வகை அது. அழுங்கின் பெயராலேயே அதற்குப் பெயரும் முன்மொழியப்பட்டது. ஒரு விலங்கு, அதன்மேல் ஓர் உண்ணி, குருதியினுள் ஒரு நுண்ணுயிர் என்று, தனியாகத் திரிவதாக நாம் எண்ணும் அழுங்கு உண்மையில் ஒரு குடியிருப்பையே சுமந்து திரிகிறது.

இவை யாவும் நோய் என்று கருதுவது தவறு. காட்டில் நலமாக வாழும் அழுங்கு சில உண்ணிகளையும் புழுக்களையும் தாங்கிக்கொண்டே தன் வாழ்நாளைக் கழிக்கிறது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த உயிர்களுக்கிடையே ஏற்பட்ட ஒருவகைச் சமநிலை அது. தன் புரவலன் மாண்டால் உண்ணிக்கும் இழப்பே அன்றோ? அச்சமநிலை குலைவது மனிதன் கை பட்டபோதுதான். சாக்கில் அடைக்கப்பட்டு, உணவும் நீருமின்றி, பல நாள் பல கை மாறிச் செல்லும் அழுங்கின் உடல் தளர்கிறது. காட்டில் தாங்கிய சுமையை அத்தளர்ந்த உடலால் தாங்க இயலுவதில்லை. மீட்கப்படும் அழுங்குகளுக்கு உண்ணி நீக்குவதும் குடற்புழுவுக்கு மருந்தளிப்பதும் மருத்துவர்களின் தொடக்கப் பணிகளுள் சேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

பழி யார்மேல்?

இந்த வேறுபாட்டை உலகம் உணர மறந்த காலமும் வந்தது. சீனாவில் கைப்பற்றப்பட்ட மலாயா அழுங்குகளிடம் கொரோனா வகை வைரஸ் காணப்பட்டதாக 2019, 2020 ஆண்டுகளில் ஆய்வுகள் வெளிவந்தன. பெருந்தொற்று உலகை உலுக்கிய வேளை அது. நோயை மனிதனுக்குத் தந்தது அழுங்குதான் என்னும் பேச்சு 2020-இன் தொடக்கத்தில் எங்கும் பரவியது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வை அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள். தீபகற்ப மலேசியாவிலும் சபாவிலும் 2009 முதல் 2019 வரை கைப்பற்றப்பட்டும் மீட்கப்பட்டும் வந்த 334 அழுங்குகளைச் சோதித்ததில், ஒன்றிடத்தும் கொரோனா வைரஸ் காணப்படவில்லை என்று அவ்வாய்வு தெரிவித்தது. கடத்தல் வழியின் தொடக்கத்தில் இல்லாத வைரஸ், அதன் முடிவில் காணப்பட்டது. வழியில் பிற உயிர்களோடும் மனிதரோடும் நெருக்கி அடைக்கப்பட்டபோது அது தொற்றியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். காட்டு விலங்கை அழுக்கென்று தூற்றுவதற்கு முன், அதனை அடைத்த சாக்கை நோக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

அந்த வாணிபத்தின் அளவைச் சிங்கப்பூர்த் துறைமுகம் கண்டது. 2019 ஏப்ரல் மாதத்தில் ஒரே வார இடைவெளிக்குள் 12.9 டன், 12.7 டன் என்று இருமுறை அழுங்குச் செதில்கள் அங்குக் கைப்பற்றப்பட்டன. அவை ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாமுக்குச் சென்று கொண்டிருந்தவை. அதே ஆண்டு பிப்ரவரியில் சபாவில் ஏறத்தாழ 30 டன் அழுங்கு இறைச்சியும் பிற உறுப்புகளும் பிடிபட்டன. அழுங்கு ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும் என்பதை இந்த எண்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணற்ற தலைமுறைகளாக உண்ணியால் இயலாத அழிவு ஒரு சில பத்தாண்டுகளில் நேர்ந்தது.

சட்டங்கள் இயற்றப்படாமல் இல்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அழுங்குக்கு முழுப் பாதுகாப்பு அளித்தது. மலாயா அழுங்கு மிக ஆபத்தான நிலையிலுள்ள இனம் என்று 2014-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியது. ஜொகன்னஸ்பர்க் நகரில் 2016-இல் கூடிய உலக நாடுகள், அழுங்கு இனங்கள் எட்டின் பன்னாட்டு வாணிபத்தையும் தடை செய்ய முடிவெடுத்தன. சீன அரசு 2020-இல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. தாவோ ஹொங்ஜிங் காலந்தொட்டு ஏடுகளில் இடம்பெற்ற ஒரு விலங்கின் வரலாற்றில் இது ஒரு திருப்பமே. உண்ணியும் இப்பணியில் சாட்சியாகத் துணை நிற்கத் தொடங்கியுள்ளது. அழுங்கின் உண்ணியிலிருந்து எடுத்த மரபணுக் குறியீட்டைக் கடத்தல் குற்றங்களைத் துப்பறியப் பயன்படுத்தலாம் என்று 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர்.

விலங்கோடு மறைவன

சரவாக்கின் நியா குகையில், இன்று உலகில் இல்லாத பேரழுங்கு ஒன்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. ஜாவாவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு இவ்வினத்துக்கு டுபுவா என்னும் டச்சு அறிஞர் முன்னரே பெயரிட்டிருந்தார். நியாவில் கிடைத்தவற்றைப் பற்றி 1960-இல் ஹூயர் என்பவர் எழுதினார். அப்பேரழுங்கின் செதில்களுக்கிடையே எவ்வுண்ணி வாழ்ந்தது? அதற்கே உரிய உண்ணி ஏதேனும் இருந்ததா? எலும்பு இதற்கு விடை சொல்லாது. ஓர் இனம் அழியும்போது, அதனை மட்டுமே சார்ந்து வாழ்ந்தவையும் உடன் அழிகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியக் காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகைக் காக்க 1980-களில் எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்தபோது, அவற்றின் உடலிலிருந்த பேன்களை மருந்திட்டு நீக்கினர். கழுகு பிழைத்தது. அக்கழுகில் மட்டுமே வாழ்ந்த பேன் இனம் ஒன்று உலகிலிருந்தே மறைந்தது.

உண்ணியைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்ணி அழுங்குக்குத் துன்பமே தருகிறது. வேறு சில விலங்குகளிலும் அது அரிதாக ஏறுவதுண்டு. ஆனால் காட்டிலுள்ள அழுங்கின் உடலில் உண்ணி இருக்கிறது என்றால், அந்த உண்ணியின் முட்டை பொரிக்கும் ஈர மண் இருக்கிறது, குஞ்சு ஏறிக்கொள்ளும் புதர் இருக்கிறது, மீண்டும் மீண்டும் அவ்வழியே நடக்கும் அழுங்குகள் இருக்கின்றன என்று பொருள். உண்ணியும் இல்லாத காட்டை நாம் காணும் நாளில், அங்கே அழுங்கும் இருக்கப் போவதில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் மக்களுள் அழுங்கை நேரில் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் அது இரவில் உலவுவதுண்டு. எங்கே கண்டனர், எந்தக் காலத்தில் கண்டனர், அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர், அதன் உடலில் உண்ணி இருந்ததா என்று மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். லீ ஷிஜென் இரைப்பையைத் திறந்து பார்த்ததுபோல், ஏட்டில் உள்ளதை நம்புவதோடு நில்லாமல் கேட்டும் கண்டும் எழுதுவதே வரலாற்றுப் பயிற்சி. தமிழாசிரியர்கள் கட்டுரைப் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கினாலும் போதும். நம் முன்னோர் எந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கினரோ, அந்தக் காட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அதனை அறிந்தவர்கள் நம்மோடு இருக்கும் காலத்திலேயே அப்பணியைத் தொடங்குதல் நம் கடமையாகும்.